ஏழு படங்களுக்கு மாலை வேண்டாம்

கண்காட்சி வைக்கிற நம் குழுவில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் முன்னால் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று மேடம் சொன்னார். நாலு பேர் முகத்தை ஒன்றாகப் பார்த்தால் எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன், அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன வாரம் உங்களில் மூன்று பேர் என்னிடம் வந்தீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் எந்த அளவு ஆணி இறங்கும், படத்துக்கும் படத்துக்கும் எத்தனை அங்குலம் விடுவது, விளக்கை எங்கே வைத்தால் கண்ணாடியில் கூசாது என்று கேட்டீர்கள். நான் சொன்னதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டீர்கள். படத்தில் இருக்கிற ஆள் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தோள் வலியால் நான் இந்த வேலையை விடுகிறேன். கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாதவன் படம் மாட்ட முடியாது. இனி மாட்டப் போவது நீங்கள்.

நான் தொழில் பழகியது காரைக்குடியில் ஒரு பிரேம் கடையில். அங்கே பெரிய அளவில் ஒரு படம் வருகிறது என்றால் ஒன்று அது சாமி படம், இல்லாவிட்டால் யாரோ ஒரு வீட்டில் யாரோ போய்விட்டார்கள். அதனால் எங்கள் கை சில வேலைகளைத் தானாகவே செய்துவிடும். சட்டத்தின் மேல் மூலை இரண்டிலும் மாலை தொங்கவிட வெளியே தெரியாத மாதிரி ஒரு சின்ன ஆணி. கீழே ஒரு சின்ன பல்புக்கு இடம். யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு தடவை என் முதலாளி அப்படி ஆணி அடித்து, கடையின் அன்பளிப்பாகச் சந்தன மாலை ஒன்றையும் மாட்டி, ஒரு செட்டியார் வீட்டுக்குப் படத்தை அனுப்பிவிட்டார். மறுநாள் படத்தில் இருந்தவரின் மகள், அந்த வீட்டு ஆச்சி, காரில் வந்து இறங்கினார். சத்தமே போடவில்லை.

“எங்க அப்பச்சி உள்ள ஒக்காந்து கந்தரப்பம் சாப்புட்டுக்கிட்டு இருக்காக. எம்பதாங் கல்யாணத்துக்குப் படம் போடக் குடுத்தா, நீங்க அவுகளுக்கு மாலையப் போட்டு அனுப்பியிருக்கீக. அவுகளேதான் பிரிச்சுப் பாத்தாக. மாலை நல்லாருக்குன்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக.”

முதலாளி அன்றைக்குக் கடையை மத்தியானமே அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு யார் படம் கொண்டுவந்தாலும், “இருக்காகளா, இல்லையா?” என்று கேட்டுவிட்டுத்தான் அளவு எடுப்பார். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் உண்டு என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் குழு நம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் வேலை தொடங்கி நாலைந்து மாதம் ஆன நேரம். போரில் அவர்களுக்கு அந்த நாட்டு ராணுவத்தால் என்ன நடந்தது என்பதை அவர்களே சொல்ல, இவர்கள் பதிவு செய்தார்கள். பெண்கள் பழைய சேலைத் துணியில் பதுங்குகுழி, சோதனைச் சாவடி, குண்டு விழுந்த கோயில் முற்றம் என்று தைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு புகைப்படமும் கொடுத்தார்கள். மொத்தம் இருபத்து மூன்று படங்கள். அவற்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, காரைக்குடியில் ஒரு பழைய பெரிய வீட்டின் கல்யாணக் கொட்டகையில் மாட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. சட்டம் போட வந்தவர்கள் மாட்டுவதற்கும் என்னையே வைத்துக்கொண்டார்கள்.

கண்காட்சிக்குப் பெயர் வைக்க மட்டும் இரண்டு வாரம் ஆனது. ‘நினைவு’ என்று போடுவதா ‘நினைவுகள்’ என்று போடுவதா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். நான் ஏணியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் பேச்சில் நான் நுழைவதில்லை. ஆனாலும் கடைப் பழக்கம் போகவில்லை. ஆய்வு செய்கிற தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“தம்பி, இந்தப் படத்துல யாரு யாரு இருக்காக, யாரு இல்ல?”

அவர் மடிக்கணினியைத் திறந்து தேடினார். ஊர் இருந்தது. வயது இருந்தது. கருப்பொருள் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் இடப்பெயர்வு, இழப்பு, தாய்மை என்று போட்டிருந்தது.

“அந்த விவரத்துக்கு இதுல கட்டமே இல்லண்ணே” என்றார்.

குழுவை நடத்துகிற மேடம் சென்னைக்காரர், நல்ல மனம். அவர் சொன்னார்: “எல்லாரையும் ஒரே மாதிரி மரியாதையா வைக்கணும்ண்ணே. வித்தியாசமே தெரியக் கூடாது.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒப்பவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தது. கூச்சப்படுகிறவனை நம் ஊரில் நல்ல பிள்ளை என்பார்கள். அந்த நல்ல பிள்ளை இருபத்து மூன்று சட்டத்திலும் மாலைக்கு ஆணி அடித்து வைத்தான். தப்பு அங்கே தொடங்கியது. அது என் தப்பு. மற்றவர்கள் தப்புகளைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

திறப்பு விழா அன்று பத்து மணிக்கு நிகழ்ச்சி. எட்டரைக்கே பரமேஸ்வரி அம்மா வந்துவிட்டார். முகாமில் இருப்பவர். வயது எழுபதை ஒட்டி. அவர் மகன் சுதன், மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன், சந்தியில் ராணுவம் சுற்றி வளைத்தபோது மாட்டிக்கொண்டான். முகம் மூடிய ஆள்காட்டி ஒருவனை ஜீப்பில் உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் அவன் முன்னால் நடக்க விட்டார்கள். அவன் தலையசைத்தவர்களை எல்லாம் லாரியில் ஏற்றினார்கள். சுதனைப் பார்த்து அவன் தலையசைத்ததை ஊரே பார்த்தது. லாரி போனது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ராணுவ முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாக அலைந்துவிட்டுத்தான் அந்த அம்மா படகேறியிருக்கிறார். அவரிடம் இருந்தது அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு சின்னப் படம் மட்டும். அதைத்தான் பெரிதாக்கியிருந்தோம்.

மகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டத்தின் மேல் மூலையைத் தடவிப் பார்த்தார்.

“இது என்னத்துக்குத் தம்பி?”

“மாலைக்கும்மா” என்றேன்.

“ஆருக்கு மாலை?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரி.

“நான் இவனுக்குத் திவசம் குடுக்கேல்ல. மரணப் பத்திரம் தாறம், வாங்கிக்கொண்டு போ எண்டு அங்க எத்தினை தரம் ஆள் விட்டவை. வாங்கேல்ல. வாங்கினா அவன்ர பைலை மூடிப்போடுவாங்கள். பிறகு ஆரும் தேட மாட்டினம். நான் ஏன் படம் தந்தனான்? ஆராவது கண்டிருந்தா வந்து சொல்லட்டும் எண்டுதான். நீங்கள் ஆணி அடிச்சு வச்சிருக்கிறியள்.”

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. மேடம் ஓடிவந்தார். விழாவுக்கு அழைத்திருந்த பெரிய மனிதரின் ஆட்கள் இரண்டு கூடை மாலை கொண்டுவந்து இறக்கினார்கள். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய இருபத்து மூன்று மாலைகள். எண்ணிக்கை கேட்டுச் சரியாக வாங்கியிருந்தார்கள். ஆய்வு செய்கிற தம்பியிடம்தான் போனில் கேட்டிருக்கிறார்கள், அவரும் சொல்லியிருக்கிறார். எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

“படத்திறப்புன்னா மாலை போடணும்ல?” என்றார் கூடை கொண்டுவந்தவர். “ஐயா கையாலதான் எல்லாத்துக்கும் போடணும்னு ஆசைப்படுறாக. பேப்பர்க்காரகளையும் வரச் சொல்லியாச்சு.”

நம் பக்கத்தில் அப்படித்தான். ஒருவர் செத்துப் பதினாறாம் நாள் படம் திறந்து மாலை போடுவார்கள். சுவரில் வரிசையாகப் படம் இருந்து, ஒரு பெரிய மனிதரையும் கூப்பிட்டால், அவர் மாலையோடுதான் வருவார். இது தெரியாமல் விழா ஏற்பாடு செய்தவர்களை என்ன சொல்வது. ஒரு மாதம் கூடிக் கூடிப் பேசியவர்கள்.

நான் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டு அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: “அண்ணே, முகாம்ல இருந்து இத்தனை பேர் இங்க வரதுக்கு அனுமதி வாங்கிக் குடுத்ததே அவர்தான். இப்பப் போய் மாலை போடாதீங்கன்னா எப்படிச் சொல்றது? போட்டுட்டுப் போகட்டும். அவர் போனதும் கழட்டிடலாம்.”

“அதுக்குள்ள போட்டோ எடுத்துருவாக மேடம். பேப்பர்ல வந்துரும். அத அங்குட்டு இலங்கையில யாராவது பாத்தா, தாயே மாலையப் போட்டுட்டாகன்னு ஆயிரும்.”

“அப்ப யாருக்குமே போட வேணாம்னு சொல்லிடலாமா?”

அதுவும் நடக்காது. ஏனென்றால் அதற்குள் முகாமிலிருந்து வந்த ஒருவர், ஷெல் விழுந்து செத்துப்போன தன் மனைவியின் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து சார்த்திக்கொண்டிருந்தார். அவர் கையைத் தட்டிவிட முடியுமா? அவருக்கு மாலை வேண்டும். இந்த அம்மாவுக்கு வேண்டாம். எல்லாரையும் ஒரே மாதிரி மரியாதையாக வைத்ததன் பலன், யாருக்கு எது மரியாதை என்றே எங்களுக்குத் தெரியாமல் போனது.

மணி ஒன்பதே கால். அந்தத் தம்பி மறுபடியும் மடிக்கணினியைத் திறந்தார். எனக்கு வந்த கோபத்தில், “அத மூடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டேன். அவரிடம் நான் சத்தமாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். பிறகு பரமேஸ்வரி அம்மாவிடம் போய், “நீங்க சொல்லுங்கம்மா” என்றேன்.

அவர் வரிசையின் தொடக்கத்திலிருந்து நடந்தார். நான் பின்னால் குறடோடு போனேன்.

“இவர் செல்லடியில போனவர். இவவும் அதே நாள். இது பிள்ளை, காய்ச்சல், மருந்து உள்ள வர விடேல்ல. இவன் இல்லை.”

“இல்லைன்னா, செத்தவரு இல்லையாம்மா?”

“ஓம். கொண்டுபோனது. ஆணியைக் கழட்டு.”

கட்டத்தில் இல்லாத விவரம் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. கொண்டுபோகப்பட்டவர்கள் ஏழு பேர். ஏழு சட்டத்திலும் ஆணியைப் பிடுங்கினேன். அந்த ஏழு படத்தையும் இறக்கிவிடலாமா என்று தம்பி கேட்டார். யாராவது பார்த்துவிட்டுச் சொல்ல மாட்டார்களா என்றுதானே அந்தப் படங்களையே கொடுத்தார்கள், இறக்கினால் எப்படி என்று மேடமே அவரை அடக்கிவிட்டார். அந்த அளவுக்கு அவருக்கும் புரிந்திருந்தது. ஏழு மாலையை மட்டும் கூடையிலிருந்து எடுத்து ஒளித்துவிடலாம் என்று நான் நினைத்தபோது வாசலில் பட்டாசு வெடித்தது. பெரிய மனிதர் அரை மணி முன்னதாக வந்துவிட்டார். நம் ஊரில் தாமதமாக வரும் பெரிய மனிதர்களைத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கென்று இப்படி.

மேடம் அவரோடு நடந்துகொண்டே ஏதோ சொல்லப் பார்த்தார். அவர் எல்லாவற்றுக்கும், “செஞ்சுருவோம், செஞ்சுருவோம்” என்று சொல்லிக்கொண்டே மாலை போட்டுக்கொண்டு வந்தார். முதல் மூன்று படம் சரி. நாலாவது, கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர். அதற்கு முன்னால் மேடமே நின்று மறைத்துக்கொண்டு, அடுத்த படத்தைக் காட்டினார். அப்படியே ஒன்றிரண்டைத் தாண்டிவிட்டோம். சுதன் படம் நடுச்சுவரில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது. அங்கே மாட்டியதும் நான்தான். அந்த அம்மா படத்துக்குப் பக்கத்தில் நின்றார். பேப்பர்க்காரர்கள் இரண்டு பேர் கேமராவைத் தூக்கினார்கள். தாயும் படமும் மாலையும் ஒன்றாகக் கிடைத்தால் அவர்கள் விடுவார்களா?

“என்னப்பா, இதுல ஆணியக் காணோம்?” என்றார் பெரிய மனிதர்.

“சட்டத்து மேலயே போட்டுருங்கய்யா, நிக்கும்” என்றார் கூடைக்காரர்.

அவர் கை மேலே போனது. அந்த அம்மா படத்தை விட்டு நகரவில்லை. அகதியாக வந்தவர், அனுமதியில் வந்தவர், அவர் எப்படி அந்தக் கையைப் பிடிப்பார்? நான் ஏணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு மூன்று நொடி இருந்திருக்கும். விளக்கம் சொல்ல நேரம் இல்லை. சொன்னாலும், “செஞ்சுருவோம்” என்றுதான் சொல்வார். அவருக்கு எது உறைக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

“ஐயா, அவரு உசுரோட இருக்காரு” என்றேன். “இருக்கிறவுக படத்துக்கு மாலை போட்டா, போட்டவுகளுக்கு ஆகாதும்பாக.”

கை அப்படியே இறங்கியது. மாலையைக் கூடைக்காரர் மேல் கிட்டத்தட்ட எறிந்தார்.

“ஏன்யா, இத முன்னாடியே சொல்ல மாட்டீகளா? எனக்கே இப்ப நேரம் சரியில்ல. இதுல வேற யாரு யாரு இருக்கா?”

மீதி இருந்த படங்களை விரலால் காட்டினேன். கிட்டேகூடப் போகவில்லை. கேமராக்காரர்களையும் தள்ளி வரச் சொன்னார். பிறகு அந்த அம்மாவிடம், “பையன் எங்குட்டு இருக்கான் ஆத்தா?” என்று கேட்டார்.

“அது பிடிச்சுக்கொண்டு போனவையளிட்டைத்தான் ஐயா கேக்கவேணும்” என்றார் அவர்.

பெரிய மனிதருக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். விழா நன்றாக நடந்தது. மறுநாள் பேப்பரில் அவர் குத்துவிளக்கு ஏற்றுகிற படம்தான் வந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். தம்பி என் சமயோசிதம் பற்றிக் கட்டுரை எழுதப் போவதாகச் சொன்னார். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன். இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டுத்தான் இதுவரை உங்களுக்கு எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு அடுத்த எரிச்சல்.

மூன்று நாள் கண்காட்சி முடிந்த மறுநாள் பரமேஸ்வரி அம்மா பிரேம் கடைக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். துவைத்து மடித்த சேலை கட்டியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிச் சொன்னார், பஸ் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி, அண்டைக்கு நீங்கள் அவன் இருக்கிறான் எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கு ஆரும் ஏதும் சொன்னவையோ?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்காட்சி வாசலில் மூன்று நாளும் நான்தான் நின்றேன். யாரோ படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். மாலையைத் தடுக்க நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அதை அவர் மூன்று நாள் மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறார்.

“இல்லம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு கைய நிறுத்தணும்னு சொன்னேன்” என்றேன்.

“ஓம். அது எனக்கு விளங்கினது” என்றார். பிறகு, “வந்து பாத்த சனத்தில ஒருத்தரும்...” என்று நிறுத்தினார்.

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலம்மா. எனக்குத் தெரியாது.”

இரண்டாம் தடவை அதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் தலையைக் குனிந்து, மடியில் இருந்த பையின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி தங்கைகளே, அன்றைக்கு அந்தப் பெரிய மனிதரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “இருக்காரா இல்லையான்னு தெரியாதுய்யா, அதனால போட வேணாம்” என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. அந்த அம்மா இத்தனை வருடமாக எல்லா அலுவலகத்திலும் சொல்லிவருவதும் அது ஒன்றைத்தான். ஆனால் தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் மாலையைப் போட்டிருப்பார். அப்போதும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆகவே எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். அப்படி ஒரு இடத்தில் வந்து நிற்காமல் இருக்க முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இருந்தது. படம் கொடுத்தவரை அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, இவரை எப்படி வைக்கட்டும் என்று கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஒரு மாதத்தில் எங்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. நீங்கள் போனில் பதிவு செய்ய வேண்டியது ஆணி அளவை அல்ல.

அந்த அம்மா போக எழுந்தார். படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

“தம்பி, அந்த மனுசனிட்டைப் போய் நீங்கள் சொன்னதை மாத்திச் சொல்லிப்போடாதேங்கோ.”

“சொல்ல மாட்டேம்மா.”

“ஒராளாவது அப்பிடி நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்.”

பெரிய மனிதரை நான் எப்போதாவது கல்யாண வீடுகளில் பார்ப்பதுண்டு. என் பெயர் அவருக்குத் தெரியாது. முகம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கை கழுவுகிற இடத்தில், பந்தியில், எங்கே பார்த்தாலும் கூப்பிட்டு அதையே கேட்பார்.

“ஏப்பா, அந்தச் சிலோன்காரப் பையன் வந்துட்டானா?”

“இன்னும் இல்லீகய்யா” என்பேன்.